முழு எந்திரத்தையும் பதிவு செய்

என்டர் தட்டியாகிவிட்டது. இனி கை வைக்கக் கூடாது. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொள், சும்மா இரு. கருப்புத் திரையில் நான் அடித்த வரி நிற்கிறது, அதற்குக் கீழே கர்சர் மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது. ஆரம்பித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தைகூட இது சொல்லாது. பெர்ஃப் என்று இதற்குப் பெயர். ஓடிக்கொண்டிருக்கும் கணினி எந்திரத்துக்குள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை எட்டிப் பார்த்து, இந்தக் கணத்தில் எந்த வேலை ஓடுகிறது என்று குறித்துக்கொண்டே போகும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, எதற்கு எவ்வளவு நேரம் போனது என்று காட்டும். அது குறிக்கும்போது அந்த எந்திரத்தில் நாம் எதைத் தட்டினாலும் அதுவும் பதிவில் ஏறிவிடும். அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம், பதிவு ஓடும்போது சாட்டில் ஒரு கை படம் போடுவோம், உள்ளங்கை காட்டி நிறுத்தச் சொல்லும் கை. அதைப் பார்த்தால் சோதனை எந்திரத்தை யாரும் தொட மாட்டார்கள். நானும் போட்டிருக்கிறேன். சாப்பாடு முடிந்த நேரம், பாதி நாற்காலிகள் காலி, யாரோ டிபன் டப்பாவைச் சரியாக மூடாமல் போயிருக்கிறார்கள், எலுமிச்சைச் சோற்றின் வாசனை ஏசிக் குளிரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கை படத்தைப் பார்த்தால் ஜெயசீலன் என்ன நினைப்பார்? எங்கள் குழுவின் தலைவர் அவர். இன்று பதிவு எதுவும் வேண்டாம் என்று காலையில் அவர்தான் சொன்னார். படம் இருக்கு, காரணம் தெரிஞ்சாச்சு, சாயங்காலம் கஸ்டமர் கால், அதுல சொல்லிட்டு மூடிரலாம், மறுபடி நோண்டாத. நோண்டிக்கொண்டிருக்கிறேன். கை மடியில்தான் இருக்கிறது, ஆனாலும் நோண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர் சொன்ன படத்தில் என் ஃபங்ஷன், ஒரே ஒரு வேலைக்கென்று நான் எழுதிய நிரல் துண்டு, எண்பத்து மூன்று சதவீதம். பதிவு செய்ததைப் பட்டைகளாக வரைந்து காட்டும் படம் அது, ஃப்ளேம் கிராஃப் என்பார்கள், நெருப்பு எழும்புவதுபோல ஆரஞ்சும் மஞ்சளுமாக இருக்கும். எந்தப் பட்டை அகலமோ அதுதான் நேரத்தைத் தின்கிறது. படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பட்டை, அதன் மேல் நான் வைத்த பெயர். பக்கத்து இருக்கை ரிஸ்வானா எட்டிப் பார்த்துவிட்டு, உன் ஃபங்ஷனுக்குக் கட்அவுட் வச்சிருக்காங்கடி, பால் ஊத்தலாமா என்றாள். சிரித்தேன். சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அந்த ஃபங்ஷன் செய்வது ஒரே வேலை. ஒரு மருத்துவமனையில் காலையில் வருகிறவர்கள் வாசலில் இருக்கும் திரையைத் தொட்டால் அடுத்த டோக்கன் எண்ணை எடுத்துக் கொடுக்கும். இரண்டு பேருக்கு ஒரே எண் போய்விடக் கூடாது இல்லையா, அதனால் எண்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. சாவி கிடைத்தால் உள்ளே போய் எண்ணை எடுத்துக்கொண்டு சாவியைத் திருப்பி வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மறுபடி கேட்க வேண்டும், உடனே, ஓய்வில்லாமல், கிடைக்கும்வரை. அப்படித்தான் எழுதச் சொன்னார்கள். இப்போது கூட்டம் ஏறும் நேரத்தில் டோக்கன் சீட்டு வருவதில்லை. திரையைத் தொடுகிறார்கள், ஒன்றும் வருவதில்லை, மறுபடி தொடுகிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி, பின்னால் வரிசை. நான் அந்த மருத்துவமனையைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தத் திரையைத் தொடும் விரல்கள் எல்லாம் என் நெற்றியில் வந்து தொடுகிற மாதிரி இருக்கிறது.

கர்சர் மின்னுகிறது. எவ்வளவு நேரம் பதிவு செய்ய வேண்டும் என்று பெர்ஃபிடம் நேராகச் சொல்வதில்லை, அதுவும் ஒரு வேடிக்கை. இன்னொரு கட்டளையைக் கொடுத்து, அது ஓடும்வரை பதிவு செய் என்போம். எல்லோரும் கொடுப்பது ஸ்லீப், தூங்கு என்னும் கட்டளை. அது தூங்கி எழும்வரை இது விழித்திருந்து குறிக்கும். நான் நீளமான தூக்கமாகக் கொடுத்திருக்கிறேன், வழக்கமாகக் கொடுப்பதைவிடப் பல மடங்கு நீளம். ஜெயசீலன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடியுமா? லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்புகிறது. அவர் கெட்டவர் என்றால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நல்லவர். நான் சேர்ந்த புதிதில் கஸ்டமர் காலில் ஆங்கிலம் தடுக்கியபோது, லைன் சரியில்ல, செண்பகவல்லி சொல்றத நான் திருப்பிச் சொல்றேன் என்று சமாளித்தவர். இங்கே மேனேஜரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு வாய் வராது. சார் என்றால் சிரிப்பார்கள், அண்ணா என்றால் எனக்கே பொருந்தவில்லை. அதனால் இத்தனை காலமும் அவரை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல், எதிரே போய் நின்று அவர் நிமிரும்வரை காத்திருந்து பேசியிருக்கிறேன். அவர்தான் அந்தப் படத்தை என் திரையில் திறந்து காட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலை இறக்கி, இதெல்லாம் எல்லாருக்கும் நடக்கும் செண்பா, ஒத்துக்கிட்டா முடிஞ்சிரும் என்றார். பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போயிருவோம், புதுப் பொண்ணு, கத்துக்கிட்டிருக்கான்னு நான் சொல்லிக்கிறேன். ஹேமலதாவும் அதையேதான் சொன்னார், மேனேஜர், ஆனால் அவர் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. உன்னோட கன்ஃபர்மேஷன் என் டேபிள்லதான் இருக்கு, இத நீயே ஓப்பனா ஏத்துக்கிட்டா பார்க்கறதுக்கு நல்லா இருக்கும். நல்லா இருக்கும் என்றால் வேலை நிரந்தரம் ஆகுமா, இல்லை தவறு செய்தவள் என்று பதிந்து இன்னும் ஆறு மாதம் இழுப்பார்களா, இல்லை போ என்பார்களா, அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தலையாட்டினேன். தலையாட்டிய கழுத்து இது.

சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லியிருக்கக் கூடாது. என்னட்டி குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டுவிட்டாள், சொல்லிவிட்டேன், சொல்லத் தெரிந்தவரை. எந்திரம் நிற்கிறது, என் வேலையால் என்கிறார்கள், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. போனில் குக்கர் சத்தம் கேட்டது. பிறகு அம்மா சொன்னாள், அவுக சொன்னா சரின்னு கேட்டுக்கிட வேண்டியதான தாயி, எதுத்துப் பேசி என்னத்தக் கண்டோம். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர், அம்மா போன மாதம்வரை ஆபீசுக்குப் போனவள், நான்தான் போதும் என்று நிறுத்தினேன். தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள், எம் மவ சொல்லிட்டா, இனிமே போகலன்னு. அந்த ஆபீசில் ஒரு மழைக்காலம் குச்சிகள் ஈரத்தோடு வந்து மருந்து நிற்காமல் உதிர்ந்தது. ஃபோர்மேன் வந்து கேட்டபோது அம்மாவின் முன்னால் இருந்த தட்டில்தான் உதிர்ந்து கிடந்தது. எங்கையிலதான் விட்டுட்டேன் என்று சொல்லிவிட்டாள், சொன்னால் முடிந்துவிடும் என்று. முடியவில்லை. அன்றைக்குப் பிறகு எந்தத் தட்டில் எது உதிர்ந்தாலும் அவர் முதலில் அம்மாவின் பக்கம்தான் திரும்புவார். சண்டை போட்டாள் என்றோ அழுதாள் என்றோ எனக்கு நினைவில்லை, வீட்டுக்கு வந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான் நினைவிருக்கிறது, ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதுபோல. ஒத்துக்கிட்டா முடிஞ்சிரும். எது முடியும்? யாருக்கு முடியும்? எனக்கு இன்றைக்குத்தான் ஆரம்பிக்கும். நாளை இன்னொன்று நிற்கும், எல்லோரும் என் இருக்கையைப் பார்ப்பார்கள், போன தடவையும் இவதான என்று. மாட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, சரிம்மா என்று வைத்துவிட்டேன், ஆனால் மாட்டேன்.

சந்தேகம் என்று சொன்னேனே, அது எங்கே ஆரம்பித்தது? பெர்ஃபின் கையேட்டில். வீட்டில் படித்தவர்கள் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, தெரியாததை யாரிடமாவது கேட்டுவிடலாம் என்ற தைரியம் பிறந்ததிலிருந்தே இருக்கும். எனக்கு அது கிடையாது. கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்று பயந்து எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிடுவேன். எங்கள் குழுவின் பக்கத்தில் பெர்ஃப் கட்டளை ஒன்று தயாராக எழுதி வைத்திருக்கிறது, எல்லோரும் அதைத்தான் எடுத்து ஒட்டுவோம், புராசஸ் எண்ணை மட்டும் மாற்றுவோம். எந்திரத்தில் ஓடும் ஒவ்வொரு நிரலும் ஒரு புராசஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், எந்த புராசஸ் மேல் சந்தேகமோ அதன் எண். யார் எழுதி வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஏன் அப்படி என்று யாரும் கேட்டதும் கிடையாது. நேற்றுக் கையேட்டை வைத்துக்கொண்டு அந்தக் கட்டளையை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஒரு கோடு, பி, பிறகு எண். இந்த எண்ணை மட்டும் பார், மற்றதைப் பார்க்காதே என்று அர்த்தம். அங்கேதான் இடறியது. எண்பத்து மூன்று சதவீதம் என்றால் எதில் எண்பத்து மூன்று? எந்திரம் முழுவதிலுமா? இல்லை. என் புராசஸுக்குள் மட்டும். ஒரு வீட்டுக்குள் மட்டும் விளக்கடித்துத் தேடினால் கிடைப்பதெல்லாம் அந்த வீட்டுப் பொருளாகத்தானே இருக்கும்? யார் மேல் சந்தேகமோ அவனை மட்டும் பதிவு செய்கிறோம், பதிவில் அவன் பெயர் மட்டும் வருகிறது, பார்த்தாயா அவன்தான் என்கிறோம். எத்தனை வருடமாக இப்படி? இதற்கு முன்னால் இந்த இருக்கையில் யார் யார் தலையாட்டினார்கள்? காது சூடாகிறது. நான் கோபப்பட்டால் முதலில் காதுதான் சுடும். கோபப்படுவது எனக்குப் பழக்கமில்லை, பயம்தான் பழக்கம். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறதோ என்னவோ, இன்றைக்கு வந்திருப்பது இது.

இன்னொன்றும் இருந்தது கையேட்டில், அதைப் படித்தபோது பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன், சோழிங்கநல்லூர் சிக்னல், யாரோ காலை மிதித்ததுகூடத் தெரியவில்லை. பெர்ஃப் சாதாரணமாகக் குறிப்பது வேலை செய்கிறவர்களை மட்டும். எட்டிப் பார்க்கும் கணத்தில் எந்த புராசஸ் தூங்குகிறதோ அதன் பெயர் பதிவிலேயே வராது. ஒருவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கிப் போனால் அவனுக்குப் பூஜ்யம் சதவீதம். வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பவளுக்கு எண்பத்து மூன்று. என் ஃபங்ஷன் செய்வது அதைத்தானே? தட்டுகிறது. கிடைக்கவில்லை, தட்டுகிறது. அப்படியென்றால் சாவி யாரிடம்? தூங்கப் போகும் கணத்தையும் குறிக்கச் சொல்ல முடியும், யார், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது தூங்கப் போனார்கள் என்று. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறேன். இன்று ஒட்டிய கட்டளையில் பி இல்லை, எண் இல்லை, முழு எந்திரம், எல்லா புராசஸும், விழித்திருப்பதும் தூங்குவதும். மருத்துவமனையின் காலைக் கூட்டத்தைப்போலவே சோதனை எந்திரத்தில் போலிக் கூட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, நானே ஓட விட்டேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேனா? வரியை மறுபடி படிக்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி படிக்கிறேன். முழு எந்திரத்தையும் பார்த்த பிறகும் காரணம் நான்தான் என்று வந்தால்? வந்தால் சொல்வேன். அதையும் நானே சொல்வேன், இந்த வாயால். அடுத்தவர் வரைந்த பாதிப் படத்தை வைத்துத்தான் சொல்ல மாட்டேன்.

தூக்கம் முடிந்தது. கர்சர் குதித்து இரண்டு வரி எழுதுகிறது, பதிவு முடிந்துவிட்டது, கோப்பு இவ்வளவு பெரிது என்று. கை மரத்திருக்கிறது, இவ்வளவு நேரம் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்ததா? சாட்டில் கை படத்தை எடுத்துவிட்டேன். முதலில் சாதாரணப் பட்டியல், யார் அதிகம் வேலை செய்தார்கள். திறக்கிறது, மெதுவாக, கோப்பு பெரிது. முதல் வரி. என் ஃபங்ஷன். முழு எந்திரத்திலும் நான்தான் மேலே. ஹேமலதாவின் மேசை, அம்மா மறுபடி ஆபீசுக்குப் போக எடுத்து வைக்கும் தூக்குச்சட்டி, எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்துவிட்டன, அவ்வளவு வேகமாக எப்படி வருகின்றனவோ. இரு. இரு. இது வேலை செய்தவர்கள் பட்டியல். தட்டுகிறவள் இதில் மேலே வரத்தான் வேண்டும், நீயே நேற்றுச் சொல்லிக்கொண்டாயே. அடுத்ததைத் திற. தூங்கியவர்கள். வரிசை வரிசையாக ஓடுகிறது, புராசஸ் பெயர், எவ்வளவு நேரம் தூங்கியது, எந்த ஃபங்ஷனுக்குள் இருந்தபோது. தூங்குவதுதான் இவற்றில் பாதிக்கு வேலை, தப்பில்லை, சாவி இல்லாமல் தூங்கினால் யாருக்கும் தொந்தரவில்லை. சாவியோடு தூங்கியது எது? ஒவ்வொன்றாக மூலக் குறியீட்டைத் திறந்து பார்க்கிறேன், இது இல்லை, இது இல்லை. பிறகு அது. பலகை என்று நாங்கள் சொல்லும் புராசஸ். மருத்துவமனை நிர்வாகியின் அறையில் ஒரு பெரிய திரை இருக்கிறது, இன்று நோயாளிகள் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று காட்டும், அதற்குக் கணக்குப் போட்டு அனுப்புவது இது. சாவியை எடுக்கிறது, எண்களைக் கூட்டிப் பார்க்கிறது, அறைத் திரைக்கு அனுப்புகிறது, சேர்ந்ததா என்று பதில் வரும்வரை தூங்குகிறது, பிறகுதான் சாவியை வைக்கிறது. அறைத் திரையின் பதில் தாமதமாகும்போதெல்லாம் வெளியே அத்தனை பேரும் நிற்கிறார்கள். எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று காட்டுவதற்காகக் காக்க வைக்கிறது. நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, ரிஸ்வானா என்னடி என்றாள். அந்தத் தூக்கத்தையும் என் தட்டலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். அது தூங்க ஆரம்பிக்கும் இடத்தில் என் தட்டல் ஆரம்பிக்கிறது, அது எழும் இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும். பலகையை எழுதியவர் பெயர் குறியீட்டின் தலையிலேயே இருக்கிறது. ஜெயசீலன். நான் சேர்வதற்கு முன்னால் எழுதியது, அதைக் காட்டித்தான் இந்த மருத்துவமனையையே கஸ்டமராகப் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

தேநீர் வாசனை. பின்னால் நிற்கிறார். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார், லிஃப்ட் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கிறார், ஒன்றன்கீழ் ஒன்றாக நான் வைத்திருந்த இரண்டையும். அவருக்கு விளக்க வேண்டியதில்லை, என்னைவிட வேகமாகப் படிக்கிறவர். காகிதக் கோப்பையை என் மேசையில் வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டார். அவருக்கு இதுவரை தெரியாது, அவர் முகத்திலேயே தெரிந்தது, அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார், "இத இப்ப காட்ட வேணாம் செண்பா. கால் முடியட்டும். ராத்திரியே நான் உட்கார்ந்து சரி பண்ணிர்றேன், யாருக்கும் தெரிய வேணாம். உன் கன்ஃபர்மேஷனுக்கு நான் பொறுப்பு."

பொறுப்பு என்ற சொல் எவ்வளவு இதமாக இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். அவர் சரி செய்துவிடுவார், செய்வார், அதில் சந்தேகமில்லை. சீட்டு நாளைக் காலை வந்துவிடும். கஸ்டமரிடம் என் பெயர் போயிருக்கும், பழைய வெர்ஷனுக்குத் திரும்பினோம், சரியாகிவிட்டது என்று பதிவாகியிருக்கும், ஆமாம், அந்தப் பொண்ணுதான் காரணம் என்று எல்லோரும் உண்மையாகவே நம்புவார்கள், சரியாகிவிட்டதே, வேறென்ன அத்தாட்சி வேண்டும். அவர்கூடக் கொஞ்ச நாளில் நம்பிவிடுவார். நான்? நானும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பேனோ? இவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது, ஆங்கிலம் தடுக்கியபோது தாங்கியவர், அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது, இப்படியா தீர்ப்பது? இப்படித் தீர்க்கக் கூடாது. அது வேறு, இது வேறு. வேண்டுமானால் அதற்கு ஆயிரம் முறை நன்றி சொல்கிறேன். "காட்டுவேன்" என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "என் பட்டை எவ்வளவு அகலம்னும் காட்டுவேன். உங்க பேரச் சொல்ல மாட்டேன். ஆனா பாதிய மட்டும் காட்ட மாட்டேன்." அவர் தன் இருக்கைக்குப் போனார், எனக்கு இரண்டு வரிசை முன்னால், முதுகு தெரியும் இடம்.

கஸ்டமர் காலில் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஹேமலதா பேசுகிறார், வழவழப்பான ஆங்கிலம், தாமதத்துக்கு வருந்துகிறோம், காரணத்தை எங்கள் பொறியாளரே விளக்குவார். பொறியாளர் என்றால் நான். மருத்துவமனைத் தரப்பில் வரதன் சார், கணினிப் பிரிவின் தலைவர், கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருவார். என் திரையைப் பகிர்ந்தேன். ஹேமலதா எதிர்பார்த்த ஆரஞ்சுப் பட்டை அங்கே இருக்கிறது, அதைத்தான் முதலில் காட்டினேன். இதில் எண்பத்து மூன்று சதவீதம் நான் எழுதியது, இது உண்மை என்றேன். ஹேமலதாவின் மூச்சு நிம்மதியாக வருவது கேட்டது. பிறகு அடுத்ததைத் திறந்தேன். தட்டுகிறது இது, தூங்குகிறது அது, சாவி அங்கே இருக்கிறது. தடுக்கித் தடுக்கித்தான் சொன்னேன், ஒரு இடத்தில் வினைச்சொல்லே கிடைக்கவில்லை, நிறுத்தி, திரும்ப அதே வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னேன். யாரும் லைன் சரியில்லை என்று சொல்லவில்லை. ஹேமலதா குறுக்கே வந்து, நன்றி, இதை நாங்கள் உள்ளுக்குள் விவாதித்துவிட்டு என்று ஆரம்பித்தார். வரதன் சார் அவரைப் பேச விடவில்லை.

"இரும்மா. காத்திருக்கற நேரத்தக் காட்டுற பலகைதான் காக்க வைக்குதுங்கற. இத யாரு எழுதினது?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வரிசை முன்னால் அந்த முதுகு அசையாமல் இருக்கிறது. ஒரு பெயர், ஒரே சொல், சொன்னால் நான் தப்பித்தேன், முழுசாகத் தப்பித்தேன், என் பெயரைத் துடைத்து அங்கே ஒட்டிவிட்டு எழுந்து போகலாம். நேற்று அவர்கள் செய்ததும் அதுதானே. அந்த ஃபோர்மேன் செய்ததும் அதுதான்.

"அது இந்தப் பதிவுல வராது சார்" என்றேன், தமிழிலேயே. "எது எதுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சுங்கறதுதான் வரும். என் ஃபங்ஷன் சாவிக்காகக் காத்துச்சு. உங்க ஆஸ்பத்திரில ஜனங்க என் ஃபங்ஷனுக்காகக் காத்தாங்க. பதில் வர்றவரைக்கும் சாவிய வச்சுக்கக் கூடாது, அத மாத்தினா போதும். இன்னிக்கே மாத்தலாம்."

யாரும் பேசவில்லை. திரையில் வரிசையாக எங்கள் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன மைக், என்னுடையதைத் தவிர எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு. ஹேமலதாவினுடையது ஒரு கணம் திறந்து மூடிக்கொண்டது. ஜெயசீலனுடையது திறக்கவே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கென்று என்னிடம் எப்போதும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும், ஸாரி சார், நாங்க பார்த்துட்டுச் சொல்றோம், அது இப்போதும் நாக்கின் நுனிவரை வந்து நிற்கிறது, சொல்லிவிட்டால் எல்லோருக்கும் மூச்சு வரும். சொல்ல மாட்டேன். என் மைக்கை மூடினேன். இந்த மௌனம் என்னுடையது இல்லை.